பட்டைக்கு அடியில் பச்சை

இந்த முறை நான் எடுத்துக்கொண்ட கடிதம் மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து வந்தது. கையால் எழுதிய ஏழு பக்கங்கள். எழுதியவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சகோதரிக்கு வயது 51. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 19 வருடமாக வேலை, இப்போது லைன் சூப்பர்வைசர். கணவர் வெளியூர் லோரி ஓட்டுபவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. மகன் ஜொகூரில் படிக்கிறான். மாமியார் இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். பகலில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிறார். இரவெல்லாம் இவர்தான்.

இவர் கல்யாணமான மறுவருடம், 24 வயதில், தமிழ் மெதடிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். பெற்றோரும் கணவர் வீட்டாரும் இந்துக்கள். “அந்தக் காலத்தில் வேதத்தைத் திறந்தாலே கண்ணீர் கொட்டும். முழங்கால் போட்டால் இரண்டு மணி நேரம் போவது தெரியாது” என்று எழுதியிருக்கிறார். ஒன்றரை வருடமாக அதில் ஒரு துளிகூட இல்லை. சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை தோறும் அவர் போகும் ஜெபக்குழுவில் தரிசனம் பார்த்துச் சொல்லும் ஒரு சகோதரி இருக்கிறார். ஒன்று நீ மறைத்து வைத்த பாவம், இல்லையென்றால் உன் அப்பா அம்மா கும்பிட்ட விக்கிரகங்களின் சாபம் என்று அவர் சொல்லிவிட்டார். பரிகாரமும் அவரே சொன்னார்: 40 நாள் உபவாசம், வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியம், ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து “விதைப்பது”, அதாவது காணிக்கையாகக் கொடுப்பது.

கடிதத்தின் கடைசியில் மூன்று கேள்விகள். ஆவிக்குரிய வாழ்க்கையில் நான் கீழே விழுந்துவிட்டேனா? கற்பூரம் கரைகிற மாதிரி தேவனோடு ஒன்றாகிவிடும் அனுபவம் எனக்குக் கிடைக்கவே கிடைக்காதா? வேலையை விட்டுவிடட்டுமா?

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் அவசரம். இப்போது விடாதீர்கள். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், சேமநிதிப் படிவத்தையும் நிரப்பாதீர்கள். ஆத்தும ஆலோசனை தருபவர்கள் நானூறு வருடத்துக்கும் மேலாகச் சொல்லிவரும் விதி ஒன்று உண்டு. இயேசு சபைத் துறவிகளின் ஸ்தாபகரான லொயோலா இஞ்ஞாசியார் அதை எழுதி வைத்தார்: மனம் வறண்டு, இருண்டு கிடக்கும் நேரத்தில் புதிய முடிவு எதுவும் எடுக்காதே, தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவிலேயே நில். என்னிடம் வந்து பேசுபவர்களில், இருட்டில் எடுத்த முடிவுக்காக வெளிச்சம் வந்தபின் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்த வரிசையில் சேர வேண்டாம்.

முதலில் உடம்பு

ஐந்தாவது பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: சுகர் இருக்கிறது, மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறேன், உபவாசத்தின்போது விசுவாசத்தோடு மருந்தை நிறுத்தலாம் என்று சொல்கிறார்கள். சகோதரி, இதைச் செய்யவே கூடாது. மருந்தை நிறுத்தினால் சுகர் ஏறும். நிறுத்தாமல் பட்டினி கிடந்தால், அதுவும் கிளிக்லசைடு போட்டுக்கொண்டு கிடந்தால், சுகர் திடீரென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், மயக்கம் வரும். கணவர் ஈப்போ தாண்டி லோரியில் இருக்கும் இரவில், நகர முடியாத அத்தை ஒரு கட்டிலிலும் நீங்கள் தரையிலும் கிடந்தால் யார் வந்து பார்ப்பார்கள்?

நம் நாட்டு டாக்டர்களுக்கு உபவாசம் புதிய விஷயமில்லை. வருடா வருடம் ரமலானில் நோன்பிருக்கும் சுகர் நோயாளிகளுக்கு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுப்பவர்கள் அவர்கள். யார் நோன்பிருக்கக் கூடாது என்பதையும் அவர்களே சொல்வார்கள். உங்கள் கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசாங்கச் சுகாதார நிலைய டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஏசாயா 58-ஆம் அதிகாரத்தில், பசியுள்ளவனுக்கு ஆகாரம் கொடுப்பதையும், உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருப்பதையும் தமக்கு உகந்த உபவாசம் என்கிறார் கர்த்தர். அதை நீங்கள் ஏற்கெனவே இருந்துகொண்டிருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதே டாக்டரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடிகாலையில் விழிப்பு வந்தால் மறுபடி தூக்கம் வருவதில்லை, சாப்பாடு மண் மாதிரி இருக்கிறது, மகன் போனில் ஜோக் சொன்னாலும் சிரிப்பு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதெல்லாம் மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் தூக்கத்தைக் கெடுக்கும். தைராய்டு குறைந்தாலும் இப்படித்தான் இருக்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மலேசியக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தக் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க 1 வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்தான். சாவே மேல் என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப் பார்த்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். நடு இரவாக இருந்தால் மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பில் 24 மணி நேரமும் போனை எடுப்பார்கள்.

மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைவு என்று ஆகிவிடாதா என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. தீர்க்கதரிசி எலியாவை நினைத்துப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னவர் அவர். அவரைக் கர்த்தர் கண்டிக்கவில்லை, சாபத்தைத் தேடச் சொல்லவில்லை. தூங்க விட்டார். எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டார், மறுபடி சாப்பாடு கொடுத்தார். மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகு.

ஈரம் வற்றிப் போவது

உடம்பைப் பார்த்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகும் ஜெபம் வறண்டே கிடக்கலாம். அப்படியானால் விழுந்துவிட்டதாக அர்த்தமா?

நீங்கள் மெதடிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் என்பதால், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1738 மே 24-ஆம் தேதி, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் அவருடைய இருதயம் வினோதமாக அனல் கொண்டதைச் சபையில் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். அதற்கு எட்டு மாதம்கூட ஆகாத 1739 ஜனவரி 4-ஆம் தேதி, அதே மனிதர் தம் நாட்குறிப்பில், நான் இப்போது கிறிஸ்தவனே இல்லை என்று எழுதினார். இதை மட்டும் யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. அப்படி எழுதியவர் அதற்குப் பிறகு 1791-இல் சாகும் வரை, ஐம்பது வருடத்துக்கும் மேலாக, ஊர் ஊராய்ப் போய்ப் பிரசங்கம் பண்ணினார். ஏழைகளோடும் சிறைக்கைதிகளோடும் இருந்தார். அனல் அணைந்த நாளில் அவர் ஊழியத்தை அணைக்கவில்லை.

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த சிலுவை யோவான் இதைப் பற்றி மிக நுணுக்கமாக எழுதியிருக்கிறார். கத்தோலிக்கத் துறவி என்று ஒதுக்கிவிடாதீர்கள், இந்த விஷயத்தில் அவர் கைதேர்ந்த வைத்தியர். வறட்சி தேவனிடமிருந்து வருகிறதா, நம் அசட்டையால் வருகிறதா என்று பார்க்க மூன்று அடையாளங்கள் சொல்கிறார். ஒன்று, தேவ காரியங்களிலும் ருசி இல்லை, உலக காரியங்களிலும் ருசி இல்லை. இரண்டு, ருசி இல்லாவிட்டாலும் தேவனைப் பற்றிய கவலை மட்டும் மனதை விட்டுப் போவதில்லை, பின்னடைந்துவிட்டேனோ என்று அரிக்கிறது. மூன்று, முன்பு போல யோசித்துத் தியானிக்க எவ்வளவு முயன்றாலும் மனம் ஓடுவதில்லை. முதல் அடையாளம் மட்டும் இருந்தால் அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம் என்று அவரே எச்சரிக்கிறார். நானும் அதனால்தான் உங்களை முதலில் டாக்டரிடம் அனுப்பினேன். இரண்டும் ஒரே நேரத்தில் ஓர் ஆளுக்கு இருக்கலாம். மாத்திரை ஒன்றைப் பார்த்துக்கொள்ளும், பொறுமை இன்னொன்றைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது அடையாளத்தை உங்கள் கடிதத்தோடு வைத்துப் பாருங்கள். அசட்டையாகிப்போனவர் தேவனைக் காணோமே என்று ஏழு பக்கம் கைவலிக்க எழுதுவாரா?

யோவான் இதற்குச் சொல்லும் உவமை நம் வீட்டு உவமை. பிள்ளை வளர்ந்ததும் தாய் மார்பில் கசப்பான கற்றாழையைத் தடவிப் பால் மறக்க வைத்து, இடுப்பிலிருந்து இறக்கி நடக்க விடுகிறாள் என்கிறார். நம் பாட்டிமார் வேப்பெண்ணெய் தடவினார்கள். பிள்ளை முகத்தைச் சுளித்து வீறிட்டு அழும், கதவுக்குப் பின்னால் தாயும் அழுவாள். அன்றைக்குச் சாயங்காலமே கிண்ணத்தில் குழைந்த சோறு வந்துவிடும். 131-ஆம் சங்கீதத்தில் தாவீதும் தன் ஆத்துமாவைப் பால்மறந்த குழந்தை என்றுதான் சொல்கிறார். பலமான ஆகாரம் பூரண வயதுள்ளவர்களுக்கே தகும் என்று எபிரெயரில் வாசிக்கிறோம். பூரண வயதுக்கு வர ஆசைப்படும் நாம், வேப்பெண்ணெய் நாக்கில் பட்டதும் தாய் செத்துப்போனாள் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

உங்கள் கண்ணீரும் இரண்டு மணி நேர ஜெபமும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது பால். தேவன் கொடுத்ததுதான், நன்றாகவே குடித்தீர்கள். அது மறுபடி கிடைக்கவும் கிடைக்கலாம். ஆனால் அதை வைத்து இன்றைய நிலையை அளக்காதீர்கள்.

ஒட்டும் மரமும்

கற்பூரம் போல் கரைய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ் பக்தியில் பிறந்தவருக்கு வரும் ஏக்கம் அது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கற்பூரம் எரிந்தால் கற்பூரம் மிச்சமிருப்பதில்லை. இயேசு சொன்னது வேறு: நானே திராட்சச்செடி, நீங்கள் கொடிகள், என்னில் நிலைத்திருங்கள், நானும் உங்களில் நிலைத்திருப்பேன். கொடி செடிக்குள் கரைந்து காணாமல் போவதில்லை. கொடியாகவே இருக்கிறது, ஓடும் சாறு மட்டும் செடியுடையது. பவுலும் கலாத்தியருக்கு எழுதும்போது, கிறிஸ்துவுடனேகூடச் சிலுவையிலறையப்பட்டேன் என்றவர், அடுத்த மூச்சிலேயே ‘ஆயினும், பிழைத்திருக்கிறேன்’ என்கிறார். அதற்குப் பிறகுதான், இனி நான் அல்ல, கிறிஸ்துவே எனக்குள் பிழைத்திருக்கிறார் என்கிறார். ஐக்கியத்தில் நீங்கள் அழிந்துபோக வேண்டும் என்று தேவன் கேட்கவில்லை. பட்டர்வொர்த்தில், ஷிப்ட் முடிந்து வந்து, காலில் தைலம் தேய்த்துக்கொள்ளும் நீங்கள் நீங்களாக இருக்க, உங்களுக்குள் அவர் வாழ விரும்புகிறார்.

இன்னொரு தவறான எண்ணமும் இதில் இருக்கிறது. ஐக்கியம் என்பது மலை உச்சியில் இருக்கிறது, ஏறி ஏறித்தான் அடைய வேண்டும், பலர் அடைந்துவிட்டார்கள், நான் சறுக்கிவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். ‘நிலைத்திருங்கள்’ என்று ஏற்கெனவே உள்ளே இருப்பவரிடம்தானே சொல்ல முடியும்? 24 வயதில் தண்ணீருக்குள் இறங்கிய அன்று நீங்கள் ஒட்டப்பட்டுவிட்டீர்கள். மீதிக் காலமெல்லாம் அந்த ஒட்டு பிடித்து வளருவதுதான்.

என் அப்பா சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒட்டுக்கட்டும் வேலை செய்தவர். நாற்றின் பட்டையை ஜன்னல் மாதிரி கீறித் திறந்து, நல்ல மரத்திலிருந்து எடுத்த மொட்டுக் கண்ணை உள்ளே பொருத்தி, நாடாவால் இறுக்கிச் சுற்றிக் கட்டுவார். மூன்று வாரம் அப்படியே கிடக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. எட்டு வயதில் எனக்குப் பொறுமை இல்லை. ஒரு நாள், ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டை அவிழ்த்துவிட்டேன். அந்தக் கண் இரண்டு நாளில் கருத்துப்போனது. அப்பா அடிக்கவில்லை. “பார்க்கணும்னு அவுத்தா செத்துப்போகும்மா” என்று மட்டும் சொன்னார். மூன்று வாரம் கழித்து மற்றக் கட்டுகளை அவிழ்த்துவிட்டு, ஒவ்வொரு கண் பட்டையிலும் நகத்தால் லேசாக ஒரு கீறு கீறினார். தளிர் இல்லை, இலை இல்லை. கீறிய இடத்தில் பச்சை தெரிந்தது. “பிடிச்சிருச்சு” என்றார்.

ஒன்றரை வருடமாக நீங்கள் தினமும் கட்டை அவிழ்த்து அவிழ்த்துப் பார்க்கிறீர்கள் சகோதரி. இன்றைக்கு ஏதாவது உணர்ந்தேனா, நேற்று? இப்போது? அதை நிறுத்துங்கள். பச்சை இருக்கிறதா என்று பார்க்க வேறு இடத்தில் கீற வேண்டும்.

நான் கீறிப் பார்த்த இடத்தைச் சொல்கிறேன். உங்கள் நாலாவது பக்கத்தில் ஒரு வரி. “ராத்திரி மூணு மணிக்கு அத்தைக்கு பேம்பர்ஸ் மாற்றி, மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்து, கொஞ்சம் கெட்டியாக மைலோ கலக்கி ஸ்பூனில் கொடுப்பேன். அப்புறம் ஜெபிக்கத் தெம்பில்லை.” அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், முக்கியமில்லாத விஷயம் மாதிரி, ஞானஸ்நானம் எடுத்த வருடம் இதே அத்தை என் வேதப்புத்தகத்தை மழையில் வாசலில் வீசினவர் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதை வாசித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வேதத்தை வீசின கைக்கு, அந்தக் கை விளங்காமல் போன பிறகு, நடு இரவில் மூச்சுத்திணறாதபடி மைலோவைக் கெட்டியாகக் கலந்து ஊட்டுகிறீர்கள். முதுகில் புண் வராமல் திருப்பிப் போடுகிறீர்கள். இதை ஜெபத்துக்கு வந்த இடைஞ்சல் என்று கணக்கு எழுதியிருக்கிறீர்கள். கலாத்தியர் 5-இல் ஆவியின் கனியை எண்ணிப் பாருங்கள்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். சந்தோஷம் இப்போது இல்லைதான். நீடியபொறுமை இல்லையா? தயவு இல்லையா? வெஸ்லி ‘பூரணம்’ என்று பிரசங்கித்ததும் தேவனிடத்திலும் பிறனிடத்திலும் இருதயத்தை நிரப்பும் அன்பைத்தான், பரவசத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

தரிசனம் சொல்லும் சகோதரி

அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதைச் சோதிக்கும் உரிமையும் கடமையும் உங்களுக்கு உண்டு. தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்ற பவுல், உடனே எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினார். சோதித்தால் என்ன தெரிகிறது? குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 தெளிவாகச் சொல்கிறது. உங்கள் அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டது உங்கள் ஜெபத்தை அடைக்காது. கிறிஸ்துவுக்குள் வந்தவர் மேல் அப்படி ஒரு கட்டு இன்னும் இருக்கிறது என்றால், சிலுவை எதைத்தான் முடித்தது?

மறைந்த பாவம் என்பதைப் பற்றி: ஒரு முறை, ஒரே ஒரு முறை, நம்பிக்கையான ஒரு போதகரோடு உட்கார்ந்து மனதைத் திறந்து பாருங்கள். ஏதாவது இருந்தால் அறிக்கை செய்து முடித்துவிடுங்கள். வாரா வாரம் தோண்டாதீர்கள். யோபுவின் சிநேகிதர்களும் தோண்டிக்கொண்டேதான் இருந்தார்கள். கடைசியில் கர்த்தர் கோபித்தது அவர்களைத்தான்.

வரம் வேறு, முதிர்ச்சி வேறு என்பதையும் மனதில் வையுங்கள். கொரிந்து சபையாரிடம், நீங்கள் யாதொரு வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று முதல் அதிகாரத்தில் சொன்ன பவுல், மூன்றாம் அதிகாரத்தில் அவர்களையே குழந்தைகள், பால்குடிக்கிறவர்கள் என்கிறார். பொறாமையும் வாக்குவாதமும் அவர்களுக்குள் இருந்ததே காரணம். தரிசனம் காண்கிறவரைப் பார்த்து, அவர் மேலே, நான் கீழே என்று அளக்க வேதத்தில் அளவுகோல் இல்லை.

குழுவை விட்டே போக வேண்டுமா? அவசரமில்லை. மூன்று மாதம் ஓய்வு எடுங்கள். “அத்தையைப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வருகிறேன்” என்று சொன்னால் போதும், அது உண்மைதானே. அதற்கும் சாபம், கீழ்ப்படியாமை என்று மிரட்டினால், அல்லது தனியாகச் சொன்னது குழுவில் வெளியே வந்தால், திரும்பிப் போகாதீர்கள். தொடர்ந்து பேச ஆள் வேண்டுமென்றால் பதிவு பெற்ற ஆலோசகரைத் தேடுங்கள். 1998-ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டம், அதாவது சட்டம் 580-இன் கீழ் பதிவு செய்துகொண்டவர்கள், நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள்.

வேலையும் பணமும்

இதில் சுருக்கமாகச் சொல்கிறேன். 50 வயதில் சேமநிதிப் பணம் முழுவதையும் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். எடுக்க முடியாது. 50-இல் எடுக்கக்கூடியது செஜாத்ரா (நலவாழ்வு) கணக்கில் இருப்பது, பெர்சாராஆன் (ஓய்வுக்கால) கணக்கு 55-இல்தான் திறக்கும். 2024 மே 11 முதல் வரும் சந்தாவில் 75 விழுக்காடு பெர்சாராஆனுக்கும், 15 செஜாத்ராவுக்கும், 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் ஃபிளெக்சிபல் கணக்குக்கும் போகிறது. அந்தப் பணம் உங்கள் பெயரில் உள்ளது, உங்கள் முதுமைக்கு உள்ளது. கணவரிடம் சொல்லாமல் அதைத் தொட வேண்டாம். அவர் உழைப்பும் உங்கள் சமையலறை வழியாக அதில் சேர்ந்திருக்கிறது. காணிக்கை கொடுப்பது நல்லது, மாதச் சம்பளத்தில் மனதார முடிந்ததைக் கொடுங்கள். தேதி குறித்து, தொகை குறித்துக் கேட்கும் கைக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அதற்கு முன் வயதைக் காட்டி உங்களை அனுப்ப முடியாது, ஆனால் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். உங்களுக்குத் தேவை வேலையை விடுவது என்று எனக்குத் தோன்றவில்லை, மூச்சுவிட நேரம் வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்குக் குறைந்தது 16 நாள் விடுப்பு உண்டு. 2023 ஜனவரி முதல், வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். படுத்த படுக்கையான மாமியாரைக் காட்டி நிரந்தரக் காலை ஷிப்ட் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, கேட்காமல் இருக்க வேண்டாம். சமூகநல இலாகாவிலும் விசாரியுங்கள். படுக்கையில் இருப்பவரைப் பராமரிக்கும் குடும்பத்துக்கு, வருமானத்தைப் பார்த்து மாதாந்திர உதவி கொடுக்கிறார்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். அத்தைக்குப் பிள்ளைகள் மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற இருவர் எங்கே? மருமகள் கிறிஸ்தவள், பொறுமைசாலி என்பதால் எல்லாம் அவள் தலையில் விழ வேண்டும் என்று எந்த வேதத்திலும் இல்லை. சனி இரவு ஒருவர், ஞாயிறு இரவு ஒருவர் வந்து படுக்கட்டும். இதை நீங்கள் கேட்க வேண்டாம், உங்கள் கணவர் கேட்கட்டும். அவருடைய அம்மா.

அப்படி ஒரு நாள் கிடைத்தால் வேலை நாளில் விடுப்பு போட்டுக்கொண்டு புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்துக்குப் போய் வாருங்கள். ஜூலைத் திருவிழாக் கூட்டத்தில் வேண்டாம். சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் பழைய ஆலயத்துப் பக்கம் மரநிழலில் ஓர் இடம் பார்த்துச் சும்மா உட்காருங்கள். எந்தச் சபை என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்றும் உணராவிட்டால் பரவாயில்லை. அவிலா தெரேசா என்ற பெரிய ஜெபவீராங்கனையே, ஜெப நேரம் முடிந்து மணி எப்போது அடிக்கும் என்று காது வைத்துக் காத்திருந்த வருடங்கள் உண்டு என்று எழுதியிருக்கிறார்.

வீட்டில் இரண்டு மணி நேர ஜெபத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். காலையில் பத்து நிமிடம், ஒரு சங்கீதம், சத்தமாக வாசித்தால் போதும். கண்ணீர் வரவில்லை என்று பத்து நிமிடத்தை இருபது ஆக்காதீர்கள், அலுப்பாக இருக்கிறது என்று ஐந்தாகவும் ஆக்காதீர்கள். மூன்று மணிக்கு அத்தையைத் திருப்பும்போது, ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தால் ‘ஆண்டவரே’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்கும் தெம்பில்லை என்றால் ஸ்பூனைப் பிடித்திருங்கள்.

கிளினிக் போன பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது, சனிக்கிழமை இரவுக்கு யார் வருவதாக ஒப்புக்கொண்டார்கள், இரண்டையும் எழுதுங்கள்.